பூமிக்கடியில் ஒரு நகரத்தைத் திட்டமிட்டவர்

பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்களிடம் உங்களுக்குப் பிடித்த பொறியாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாலம் கட்டியவர், கோபுரம் எழுப்பியவர், விண்கலம் செய்தவர் என்று பதில் வரும். சாக்கடை கட்டியவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் கழிவுநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் துறையில் வேலை செய்பவன். என்னைக் கேட்டால் முதலில் சொல்லும் பெயர் சர் ஜோசப் பேசல்ஜெட்.

19ஆம் நூற்றாண்டு லண்டனின் கழிவுநீர்க் கட்டமைப்பை வடிவமைத்தவர் அவர். அவர் கட்டிய செங்கல் சுரங்கங்களில் இன்றும் லண்டன் மக்களின் கழிவுநீர் ஓடுகிறது. ஆனால் பெரிய சுரங்கம் கட்டினார் என்பதற்காக மட்டும் நான் அவரை மதிக்கவில்லை. இன்னும் பிறக்காத மக்களையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட்டார். கட்டி முடித்ததில் குறை வெளிப்பட்டபோது மறுபடியும் திட்டம் போட வேண்டிய நிலைக்கும் ஆளானார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் தொழில். அவருடைய வாழ்க்கையை அறிந்தால் ஒரு நகரம் எப்படி உயிர் வாழ்கிறது என்பது உங்களுக்கும் புரியும்.

தையற்காரரின் பேரன்

பேசல்ஜெட் 1819ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். அவருடைய தாத்தா பிரான்ஸ் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய தையற்காரர். இளவரசருக்கே உடை தைத்துக் கொடுத்துச் செல்வம் சேர்த்தவர். தந்தை பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாக இருந்து போரில் காயம்பட்டவர்.

அன்று பொறியியல் கற்க விரும்பும் இளையர்கள் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்வதே வழக்கம். பேசல்ஜெட் 17 வயதில் சர் ஜான் மெக்நீல் என்பவரிடம் சேர்ந்தார். அயர்லாந்தில் சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கும் வேலையில் ஈடுபட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு சரிவு கொடுத்தால் எவ்வளவு வேகத்தில் ஓடும், மண் எப்போது இடம்கொடுக்கும் என்பதையெல்லாம் அவர் அங்கே சேற்றில் நின்று கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் லண்டனுக்கு உதவியது இந்தப் பாடம்தான்.

1842ல் லண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அது ரயில் பைத்தியம் பிடித்த காலம். ஊருக்கு ஊர் ரயில் பாதை போட நிறுவனங்கள் போட்டியிட்டன. வரைபடங்களுக்கும் அளவீடுகளுக்கும் இரவு பகலாக ஆள் தேவைப்பட்டது. ஓய்வில்லாமல் உழைத்த பேசல்ஜெட் 1847ல் உடலும் மனமும் சோர்ந்து விழுந்தார். வேலையை விட்டுவிட்டு நாட்டுப்புறத்தில் தங்கித்தான் அவரால் தேற முடிந்தது. ஆஸ்துமா தொல்லையும் உடைய மெலிந்த உடல் அவருடையது. அப்படிப்பட்டவர்தான் 1849ல் லண்டன் மாநகரக் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

ஆற்றில் கலந்த ஆபத்து

அவர் சேர்ந்த ஆண்டில் லண்டன் எப்படி இருந்தது? அதற்குமுன் பல தலைமுறைகளாக வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. குழி நிரம்பினால் இரவில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் வயல்களுக்கு உரமாக விற்பார்கள். தெருவுக்கடியில் இருந்த பழைய வாய்க்கால்கள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை.

வாளிக் கழிப்பறை நம் சிங்கப்பூரிலும் இருந்ததுதான். 1987ல்தான் அது முழுமையாக முடிவுக்கு வந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் மலம் அள்ளும் லாரியின் கதையைச் சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதர் சுமப்பது எவ்வளவு கொடுமை என்பதும் அந்தக் கதையில் இருக்கும்.

லண்டனில் அந்த முறை வேறு வகையில் உடைந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை பரவலானது. ஒவ்வொரு முறையும் பல லிட்டர் நீர் குழிக்குள் இறங்கியதால் குழிகள் சீக்கிரம் நிரம்பி வழிந்தன. துர்நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று அக்காலத்துப் பெரும்பாலான மருத்துவர்களும் அதிகாரிகளும் நம்பினார்கள். ஆகவே குழிகளை மூடிவிட்டு வீட்டுக் குழாய்களைத் தெரு வாய்க்கால்களோடு இணைக்கும்படி 1840களின் இறுதியில் உத்தரவிட்டார்கள். வாய்க்கால்கள் எல்லாம் தேம்ஸ் நதியில் போய் விழுந்தன. வீடுகள் சுத்தமாயின, ஆறு சாக்கடையானது. அதே ஆற்று நீரைத்தான் பல குடிநீர் நிறுவனங்கள் எடுத்து வீடுகளுக்கு விநியோகம் செய்தன.

விளைவு பயங்கரமாக இருந்தது. 1848, 1849ஆம் ஆண்டுகளில் பரவிய காலராவில் லண்டனில் 14,000க்கும் அதிகமானோர் மாண்டனர். 1853, 1854ஆம் ஆண்டுகளில் மேலும் 10,000க்கும் அதிகமானோர் மாண்டனர். 1854ல் சோஹோ பகுதியில் டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலோர் பிராட் ஸ்திரீட்டில் இருந்த ஒரே கைப்பம்பிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்று காட்டினார். காலரா காற்றில் அல்ல, தண்ணீரில் வருகிறது என்பது அவர் கருத்து. அவர் உயிரோடு இருந்தவரை அதிகாரிகள் அதை முழுமையாக ஏற்கவில்லை.

திட்டம் தயார், அனுமதி இல்லை

கழிவுநீர் ஆணையத்திலும் நிலைமை நன்றாக இல்லை. சில ஆண்டுகளுக்கொரு முறை அது கலைக்கப்பட்டு வேறு உறுப்பினர்களுடன் மீண்டும் அமைக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்து குவிந்தன. சண்டையும் சச்சரவும் ஓயவில்லை. தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர் 1852ல் இறந்துபோனார். அந்தப் பொறுப்பு பேசல்ஜெட்டுக்கு வந்தது. ஃபார்ஸ்டர் விட்டுச் சென்ற வரைபடங்களையும் அவருக்கு முந்தியவர்களின் யோசனைகளையும் எடுத்து அவர் செம்மைப்படுத்தினார். லண்டன் சாக்கடைத் திட்டம் ஒரே மனிதரின் மூளையில் திடீரென்று உதித்ததல்ல. சிதறிக் கிடந்த யோசனைகளைக் கட்டக்கூடிய, செலவு கணக்கிடக்கூடிய ஒரே திட்டமாக மாற்றியதே அவருடைய சாதனை.

1856ல் மாநகரப் பணிகள் வாரியம் உருவானது. பேசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளரானார். புகழ்பெற்ற பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் அவருக்குப் பரிந்துரை செய்தவர்களில் ஒருவர். ஆனால் வேலை தொடங்கவில்லை. கழிவுநீரை ஆற்றின் எந்த இடத்தில் விடுவது, யார் பணம் கொடுப்பது என்பதில் அரசாங்கத்துக்கும் வாரியத்துக்கும் இழுபறி. அமைச்சர் சர் பெஞ்சமின் ஹால் திட்டத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

1858 ஜூன் மாதம் கடும் வெயில் அடித்தது. வெப்பத்தில் தேம்ஸ் நதி நாறியது. ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைகளை விட்டு ஓடினார்கள். வரலாறு அதைப் பெருநாற்றம் என்று அழைக்கிறது. பல ஆண்டுகள் நகராத கோப்பு அந்த நாற்றத்தில் நகர்ந்தது. டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா 18 நாள்களில் சட்டமானது. வாரியம் 3 மில்லியன் பவுண்ட் கடன் வாங்கலாம், அரசாங்க அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் சொன்னது. ஏழைகளின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது நடக்காதது, சட்டம் இயற்றுவோரின் மூக்கை நாற்றம் எட்டியபோது நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கசப்பாக இருக்கும்.

ஜான் ஸ்னோ அதைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதமே, 45 வயதில், அவர் இறந்துபோனார்.

கணக்கைப் பாருங்கள்

பேசல்ஜெட்டின் யோசனை கேட்பதற்கு எளிது. பழைய வாய்க்கால்கள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடின. அவை ஆற்றைத் தொடுமுன், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெரிய சுரங்கங்களை வெட்டி அவற்றின் கழிவுநீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்ததை நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக வேண்டும். ஆற்றின் வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்நெஸ் ஆகிய இடங்களில் தேக்கிவைத்து, கடல்நீர் ஏறி மீண்டும் வற்றத் தொடங்கும் நேரத்தில் திறந்துவிட வேண்டும். வற்றும் நீர் கழிவைக் கடலை நோக்கி இழுத்துச் செல்லும்.

உயரமான பகுதிகளின் கழிவு தானாகவே சரிவில் ஓடும். தாழ்வான பகுதிகளின் கழிவை மேலே ஏற்ற நீராவி இயந்திரங்கள் வேண்டும். அதற்காக டெட்ஃபர்ட், கிராஸ்நெஸ், ஆபி மில்ஸ், செல்சி ஆகிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் எழுந்தன. ஆபி மில்ஸ் நிலையம் கழிவுநீரைச் சுமார் 11 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது.

இனி கணக்கு. கணிதம் பிடித்த மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். 1861ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 2.8 மில்லியன். பேசல்ஜெட் 3.45 மில்லியன் பேருக்குத் திட்டமிட்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கன அடி, அதாவது சுமார் 141 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தார். இரண்டையும் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 490 மில்லியன் லிட்டர்.

அதை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்துவிட்டால் தவறு. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள், குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள். அதனால் ஒரு நாளின் கழிவுநீரில் பாதி 6 மணி நேரத்திலேயே வந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். நாளின் கால் பங்கு நேரத்தில் பாதி நீர் என்றால், அந்த நேரத்தில் சராசரியைப்போல 2 மடங்கு நீர் ஓடும். குழாயின் அளவை அந்த உச்சத்துக்குத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் மேல், ஒரு நாளைக்குக் கால் அங்குல மழைநீருக்கும் அவர் இடம் விட்டார். இன்று கணினியில் வேலை செய்யும் நாங்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறோம்: எத்தனை பேர் வருவார்கள், ஒருவர் எவ்வளவு பயன்படுத்துவார், உச்ச நேரம் எது?

பராமரிப்பாளன் என்ற முறையில் என்னை அதிகம் கவர்ந்தது அவர் கொடுத்த சரிவு. குழாய் படுத்துக் கிடந்தால் நீர் மெதுவாக ஓடும். மணலும் மலமும் அடியில் தங்கிவிடும். அதிகமாகச் சரித்தால் கிழக்குக் கோடிக்குப் போவதற்குள் குழாய் மிக ஆழத்துக்கு இறங்கிவிடும். பிறகு மேலே ஏற்றச் செலவு கூடும். அவர் ஒரு மைலுக்குக் குறைந்தது 2 அடி இறக்கம் கொடுத்தார். கிலோமீட்டருக்கு சுமார் 38 சென்டிமீட்டர். நீர் மணிக்கு ஒன்றரை மைல் வேகத்தில், அதாவது விநாடிக்கு 0.67 மீட்டர் வேகத்தில் ஓடினால் வண்டல் தங்காது என்பது அவர் கணிப்பு. குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்வதற்கு இன்றைய பாடநூல்கள் சொல்லும் வேகமும் ஏறக்குறைய அதுவே.

பல இடங்களில் குழாயின் வெட்டுத்தோற்றம் முட்டை வடிவில், கூர்முனை கீழே இருக்கும்படி அமைந்தது. இந்த வடிவம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு முன்பே லண்டனில் பயன்பட்டது. நீர் குறைவாக ஓடும் இரவிலும் குறுகிய அடிப்பகுதியில் அது ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். மழை பெய்தால் மேலே அகன்ற இடம் இருக்கும். கட்டுகிறவர் கொஞ்சம் யோசித்தால், சுத்தம் செய்கிறவருக்கு எவ்வளவோ வேலை மிச்சம்.

318 மில்லியன் செங்கற்கள்

1859ல் வேலை முழுவீச்சில் தொடங்கியது. 132 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய சுரங்கங்கள். அவற்றோடு இணையும் தெருக் குழாய்கள் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். சுமார் 318 மில்லியன் செங்கற்கள். லண்டன் வட்டாரத்தில் செங்கலுக்கே தட்டுப்பாடு வந்து விலை ஏறியது.

செங்கற்களை இணைக்க எதைப் பயன்படுத்துவது என்பது பெரிய கேள்வி. போர்ட்லண்ட் சிமெண்ட் அப்போது புதிய பொருள். தண்ணீருக்கடியிலும் இறுகும், வலிமை அதிகம். ஆனால் சூளையில் வெப்பம் மாறினாலோ கலவை மாறினாலோ கெட்டுவிடும். பெரிய வேலைகளில் அதை நம்பப் பலர் தயங்கினார்கள். பேசல்ஜெட்டும் அவருடைய உதவிப் பொறியாளர் ஜான் கிராண்டும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். வந்து இறங்கும் சிமெண்டிலிருந்து மாதிரி எடுத்து, கட்டியாக வார்த்து, எவ்வளவு இழுவிசையில் உடைகிறது என்று சோதித்தார்கள். தேறாத சிமெண்டைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று கட்டுமானத் தளங்களில் கான்கிரீட் மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டிய வேலைகளில் இது ஒன்று. பூமிக்கடியில் போகும் வேலையை மூடிவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கேதான் நேர்மை முக்கியம்.

1865 ஏப்ரல் 4ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் கிராஸ்நெஸ் நிலையத்தைத் திறந்து வைத்தார். பெரும் கொண்டாட்டம். ஆனால் வேலை முடிந்துவிடவில்லை.

முடியாமல் இருந்த ஒரு மூலை

1866ல் காலரா மறுபடி வந்தது. இம்முறை லண்டனின் பெரும்பகுதி தப்பியது. கிழக்குப் பகுதியில் மட்டும் 5,500க்கும் அதிகமானோர் மாண்டனர். ஏன் அங்கே மட்டும்? ஆபி மில்ஸ் நீரேற்று நிலையம் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. அந்தப் பகுதியின் கழிவு இன்னும் பழைய வழியிலேயே ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் விநியோகித்த நிறுவனமோ, வடிகட்டாத நீர் குழாய்களில் நுழையும்படி விட்டிருந்தது.

இறப்புக் கணக்கெடுப்பில் வல்லவரான வில்லியம் ஃபார் இதைக் கண்டறிந்தார். அவர் பேசல்ஜெட்டைத் தொடர்புகொண்டார். நிரந்தர நிலையம் முடியும்வரை தற்காலிக நீரேற்று நிலையம் அமைக்க ஏற்பாடு நடந்தது. ஆபி மில்ஸ் 1868ல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவே இல்லை. 1892ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000க்கும் அதிகமானோரைக் கொன்றபோது லண்டன் பத்திரமாக இருந்தது.

1866ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 10ல் 9 பங்கு வேலை முடிந்தாலும், முடியாத அந்த ஒரு பங்கில் வசிப்பவருக்குத் திட்டம் இல்லாதது மாதிரிதான். பெரும்பாலும் அந்த மூலையில் வசிப்பவர் ஏழையாகத்தான் இருப்பார். இன்னொன்றும் கவனியுங்கள். நாற்றம்தான் நோய் என்று நம்பிய காலத்தில், நாற்றத்தை விரட்டக் கட்டிய சுரங்கம், குடிநீரிலிருந்து மலத்தைப் பிரித்ததால் உயிர்களைக் காப்பாற்றியது. காரணம் தவறு, பலன் சரி.

ஒரே கரையில் மூன்று வேலை

தாழ்வான பகுதிக்கான சுரங்கத்தை ஆற்றங்கரையை ஒட்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெரிசல் மிகுந்த ஸ்டிராண்ட் சாலையைத் தோண்டினால் நகரமே நின்றுவிடும். எனவே பேசல்ஜெட் ஆற்றுக்குள்ளேயே சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பிப் புதிய கரையை உருவாக்கினார். அதுதான் 1870ல் திறக்கப்பட்ட விக்டோரியா எம்பாங்க்மென்ட். சேறாகக் கிடந்த ஆற்றோரம் சாலையும் பூங்காவுமானது. அடியில் கழிவுநீர்ச் சுரங்கம், எரிவாயு, தண்ணீர்க் குழாய்களுக்கான நடைபாதைச் சுரங்கம், பக்கத்தில் நிலத்தடி ரயில். குழாய் பழுதானால் சாலையைத் தோண்டத் தேவையில்லை. ஆள் உள்ளே நடந்துபோய்ச் சரிசெய்யலாம். கட்டும்போதே பராமரிப்பை நினைத்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. அவருக்கு 1875ல் சர் பட்டம் கிடைத்தது.

ஆறு திருப்பிக் கேட்ட கேள்வி

இதோடு கதையை நிறுத்தினால் அது பாதிக் கதை. பேசல்ஜெட்டின் திட்டம் கழிவைச் சுத்திகரிக்கவில்லை. இடம் மாற்றியது, அவ்வளவுதான். பெக்டனிலும் கிராஸ்நெஸ்ஸிலும் விடப்பட்டது பச்சைக் கழிவு. அங்கே ஆற்றில் சேறு படிகிறது, நாறுகிறது என்று 1870களில் புகார்கள் வந்தன. வாரியமும் பேசல்ஜெட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை, மறுத்து வாதாடினார்கள்.

1878 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை, உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு, பைவெல் காசில் என்ற கப்பலுடன் மோதி மூழ்கியது. மோதிய இடம் கழிவுநீர் விடும் இடங்களுக்குப் பக்கத்தில். சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கழிவுநீர் திறந்துவிடப்பட்டிருந்தது. 600க்கும் அதிகமானோர் மாண்டனர். பலர் குடும்பத்தோடு வந்தவர்கள். ஆற்றில் விழுந்தவர்கள் எத்தகைய நீரில் தத்தளித்தார்கள் என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது.

1882ல் அரச விசாரணைக் குழு அமைந்தது. கழிவை அப்படியே ஆற்றில் விடக்கூடாது, திடப்பொருளைப் பிரிக்க வேண்டும் என்று அது 1884ல் கூறியது. வாரியத்தின் வேதியியலாளர் வில்லியம் டிப்டின் செய்த சோதனைகளின்படி, சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கசடைப் படியவைக்கும் ஆலைகள் கட்டப்பட்டன. படிந்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 1887ல் வந்த முதல் கசடுக் கப்பலுக்கு வைத்த பெயர் பேசல்ஜெட்! கடலில் கசடு கொட்டுவது 1998ல்தான் நின்றது. ஒரு தலைமுறையின் தீர்வு அடுத்த தலைமுறைக்குக் கேள்வியாக வரும் என்பதற்கு இந்தக் கப்பல் நல்ல உதாரணம்.

மாநகரப் பணிகள் வாரியம் 1889ல் கலைக்கப்பட்டபோது பேசல்ஜெட்டும் ஓய்வு பெற்றார். 1891 மார்ச் 15ஆம் தேதி விம்பிள்டனில் காலமானார். அவர் கட்டிய ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு சிறு நினைவுச் சின்னம் உண்டு.

இன்னும் முடியாத வேலை

அவர் கணக்கிட்ட 3.45 மில்லியனை லண்டன் அவருடைய வாழ்நாளிலேயே தாண்டிவிட்டது. மழைக்காக விட்ட இடம் கைகொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் கூடுதல் சுரங்கங்களும் வெட்டப்பட்டன. இன்று அந்நகரில் கிட்டத்தட்ட 9 மில்லியன் பேர். அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், பலத்த மழையில் குழாய் நிரம்பி ஆற்றில் வழிந்தது. ஆண்டுதோறும் பல மில்லியன் டன் கழிவுநீர் இப்படித் தேம்ஸில் கலந்தது. அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கம் வெட்டி, 2025ல் அதன் இணைப்புகள் அனைத்தையும் முடித்தார்கள். பேசல்ஜெட் ஆற்றுக்கு முன்னால் வாய்க்கால்களைப் பிடித்தார்; அவருடைய குழாய்கள் வழிந்ததை இன்றைய பொறியாளர்கள் பிடிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் நாம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தோம். சாலையோர வடிகாலில் ஓடுவது மழைநீர். கழிப்பறை, சமையலறை நீர் தனிக் குழாயில் போகிறது. 2008ல் முடிந்த ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் முதல் கட்டத்தில், கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது. அதில் கழிவுநீர் சரிவின் பலத்தால் ஓடுகிறது. அதற்கும் கிலோமீட்டருக்கு எவ்வளவு இறக்கம் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அங்கே வரும் நீரை ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கிறோம். ஒரு பகுதி நியூவாட்டராகத் திரும்பி வருகிறது.

சரிவு சரியாக இருந்தாலும் குழாய் அடைபடும். 2017ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஒரு பழைய சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக்கட்டி அடைத்திருந்தது. எடை சுமார் 130 டன். சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. ஆட்கள் உள்ளே இறங்கி வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். இதை எந்தப் பேசல்ஜெட்டாலும் கணக்கில் சேர்க்க முடியாது. இது வீட்டில் முடிவாகும் விஷயம்.

நாங்கள் ஒரு மேன்ஹோலைத் திறக்குமுன் நச்சுவாயு இருக்கிறதா என்று அளந்து பார்ப்போம். கேமரா பொருத்திய சிறு வண்டியை விட்டு விரிசல், வேர், எண்ணெய்ப் படிவு எங்கே என்று தேடுவோம். எந்தக் குழாயை இந்த ஆண்டு புதுப்பிப்பது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்வோம். குடிசார் பொறியியல், வேதியியல், நுண்ணுயிரியல், தரவு ஆய்வு என்று எதைப் படித்தாலும் இந்தத் துறையில் வேலை உண்டு. கல்லூரியில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், பாலத்தையும் கோபுரத்தையும் பார்த்த பிறகு, காலுக்கடியில் ஓடும் இந்த வேலையையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இன்று இரவு பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றப் போகிறவரைத் தடுத்து, அதை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.